செஸ்டர் கார்ல்சன்: கார்பன் தாளோடு மல்லுக்கட்டிய பேட்டன்ட் வக்கீல்

கேள்வி இதுதான்: “ஜெராக்ஸ் மிஷினைக் கண்டுபிடித்தவர் விஞ்ஞானி இல்லையாம், பேட்டன்ட் ஆபீஸில் வேலை பார்த்த ஒரு வக்கீலாம். உண்மையா? அவர் எப்படிப்பட்ட மனிதர்? குடும்பத்தைப் பார்த்துக்கொண்டாரா, இல்லை இந்த மாதிரி ஆட்கள் எல்லாரையும் போல வீட்டை மறந்துவிட்டாரா?”

முதல் பாதிக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செஸ்டர் கார்ல்சன் பேட்டன்ட் வக்கீல்தான், அதாவது கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கித் தரும் வக்கீல். ஆனால் அரசாங்கத்தின் பேட்டன்ட் அலுவலகத்தில் அவர் வேலை பார்க்கவில்லை. அது ஐன்ஸ்டைன், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில். இரண்டு கதைகளும் எங்கேயோ கலந்துவிட்டன. கார்ல்சன் இருந்தது தனியார் கம்பெனிகளின் பேட்டன்ட் பிரிவில். “விஞ்ஞானி இல்லை” என்பதும் சரியில்லை. கலிபோர்னியாவின் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியல் பட்டம் வாங்கியவர் அவர். சட்டம் படித்தது அதற்கு அப்புறம்தான், அதுவும் இரவு வகுப்பில்.

இரண்டாவது பாதிக்குச் சுருக்கமான பதில் கிடையாது. நானும் பல வருடங்களாகப் பேட்டன்ட் விண்ணப்பம் எழுதிப் பிழைப்பவன். இந்தத் தொழிலில் இருப்பவர்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கண்டுபிடித்தவர் பெயர் நிற்கும், கம்பெனி பெயர் நிற்கும், விண்ணப்பத்தை எழுதியவர் பெயர் ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். எங்கள் கூட்டத்தில் உலகத்தையே மாற்றியவர் என்றால் கார்ல்சன்தான். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1906 பிப்ரவரி 8 அன்று சியாட்டில் நகரில் பிறந்தார். ஒரே பிள்ளை. அப்பா ஊர் ஊராகப் போய் முடிவெட்டும் தொழில் செய்தவர். மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவருக்குக் காசநோய் வந்துவிட்டது. கூடவே முதுகெலும்பில் மூட்டுவாதம். வெயில் உடம்புக்கு நல்லது என்று தெற்கே போய்க்கொண்டே இருந்தார்கள். நிலம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி ஒருமுறை மெக்சிகோ வரைக்கும் போனார்கள். ஏழு மாதத்தில் கையில் இருந்ததையும் தொலைத்துவிட்டு, அம்மா எல்லனுக்கு மலேரியாவையும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். கடைசியில் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ பகுதியில் நின்றார்கள். அங்கே மலைப்பக்கத்துப் பள்ளியில் சில காலம் அவர் ஒருவர்தான் மாணவர்.

எட்டு வயதில் சில்லறை வேலைக்குப் போக ஆரம்பித்தார். பதின்மூன்று வயதில் பள்ளிக்கு முன்னால் இரண்டு மூன்று மணி நேரம் வேலை, பள்ளி விட்டதும் மறுபடி வேலை. உயர்நிலைப் பள்ளிக்கு வந்தபோது வீட்டில் அடுப்பு எரிந்ததே பெரும்பாலும் அவர் சம்பாத்தியத்தில்தான். நம் ஊரிலும் இப்படித் தலையெடுத்த பிள்ளைகளை எல்லாருக்கும் தெரியும். அவர்களிடம் ஒரு குணம் இருக்கும். தன் கஷ்டத்தைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், ஆனால் வீணாகும் எதைப் பார்த்தாலும் தாங்கமாட்டார்கள். கார்ல்சனிடம் இரண்டுமே இருந்தன.

அச்சு மேல் ஆசை வந்தது இந்த வயதில்தான். பத்து வயதில் கையால் எழுதி ஒரு பத்திரிகை நடத்தினார். ஒரே ஒரு பிரதி, யாருக்கு அடுத்து யார் படிக்க வேண்டும் என்று அதிலேயே ஒரு பட்டியல். அப்புறம் ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து, கூலிக்குப் பதிலாக அங்கே கழித்துப்போட்ட பழைய அச்சு இயந்திரத்தை வாங்கிக்கொண்டார். வேதியியலில் ஆர்வமுள்ள பையன்களுக்கு அதை வைத்து ஒரு குட்டிப் பத்திரிகை போட முயன்றார். ஒவ்வோர் எழுத்தாகக் கோத்து ஒரு பக்கம் தேற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எழுதியதைப் பல பேருக்குக் கொடுப்பது இவ்வளவு கஷ்டமா என்று அப்போதே மனதில் விழுந்துவிட்டதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

1923இல் அம்மா காசநோயில் போய்ச் சேர்ந்தார். மகனுக்குப் பதினேழு வயது. தன் வாழ்க்கையில் நடந்ததிலேயே மோசமானது அதுதான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு எத்தனையோ செய்ய நினைத்தேன், எதுவும் செய்ய முடியவில்லை என்பதுதான் அவர் குறை. அவர் வாழ்க்கையை இந்த இடத்திலிருந்து படித்தால்தான் பிற்காலத்துத் தானதர்மமெல்லாம் புரியும் என்பது என் எண்ணம்.

அதன் பிறகு அப்பாவும் மகனும் மட்டும். முன்பு கோழிக்கூடாக இருந்த ஓர் அறையில், வெறும் சிமென்ட் தரையில், குடித்தனம். ரிவர்சைடு ஜூனியர் கல்லூரியில் ஆறு வாரம் படிப்பு, ஆறு வாரம் வேலை என்று மாறி மாறி வரும் திட்டம் ஒன்று இருந்தது. அதில் சேர்ந்தார். அப்பாவைத் தனியே விட்டுவிட்டுப் படிக்கப் போகும் யோசனையே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அங்கிருந்து கால்டெக். வருடக் கட்டணம் 260 டாலர், அவருடைய மொத்தச் சம்பாத்தியத்தைவிட அதிகம். வார இறுதிகளில் புல் வெட்டினார், கோடையில் சிமென்ட் ஆலையில் வேலை பார்த்தார். 1930இல் பட்டத்தோடு சேர்த்து 1,500 டாலர் கடனும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வெளியே வந்த நேரத்தைப் பாருங்கள். உலகப் பொருளாதாரமே படுத்துவிட்ட பெருமந்தம் தொடங்கியிருந்தது. 82 கம்பெனிகளுக்கு விண்ணப்பம் எழுதினார். ஒன்றும் தேறவில்லை. கடைசியில் நியூயார்க்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் வாரம் 35 டாலர் சம்பளத்தில் ஒரு வேலை. அந்த ஆய்வு வேலை அவருக்குச் சலித்துவிட்டது. ஒரு வருடத்தில் அதே நிறுவனத்தின் பேட்டன்ட் பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போனார். ஆய்வுக்கூடத்தை விட்டுக் காகிதத்துக்குப் போவது பலருக்கு இறக்கமாகப் படும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேட்டன்ட் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தினமும் புதுப்புதுக் கண்டுபிடிப்புகள் மேசைக்கு வரும். எது ஏற்கெனவே செய்யப்பட்டது, எந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது என்று தேடுவதுதான் அவன் வேலையே. நாங்கள் அதைப் பிரையார் ஆர்ட் தேடல் என்போம். அந்தக் காலத்தில் கார்ல்சன் தன் நோட்டுகளில் 400க்கும் மேற்பட்ட கண்டுபிடிப்பு யோசனைகளைக் குறித்துவைத்தார்.

1933இல் அந்த வேலை போயிற்று. சில சகாக்களோடு சேர்ந்து வெளியே ஏதோ தொழில் தொடங்கப் பார்த்ததுதான் காரணம். ஆறு வாரம் அலைந்து வால் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பேட்டன்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கேயும் தொழில் படுத்துக்கொண்டிருந்ததால் ஒரு வருடத்தில் பி.ஆர். மாலரி என்ற மின்பொருள் கம்பெனிக்கு மாறினார். நாம் கடையில் வாங்கும் டியூராசெல் பேட்டரி பின்னாளில் அந்த மாலரியிலிருந்து வந்ததுதான். அங்கே பேட்டன்ட் பிரிவின் தலைவராகவும் ஆனார்.

சரி, இப்போது கார்பன் தாளுக்கு வருவோம். இந்தக் கதையின் வில்லன் அதுதான்.

ஒரு பேட்டன்ட் விண்ணப்பம் என்றால் விவரணை, வரைபடங்கள், எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் கிளெய்ம்கள் என்று பக்கம் பக்கமாக இருக்கும். கண்டுபிடித்தவருக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, வெளிநாட்டு வக்கீலுக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று என்று எத்தனை பிரதி இருந்தாலும் போதாது. தட்டச்சில் கார்பன் வைத்து அடித்தால் நாலாவது ஐந்தாவது தாள் மங்கிவிடும். நம் ஊர் நீதிமன்ற வாசலில் மரத்தடியில் தட்டச்சுப் பொறியோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் மனு அடித்து வாங்கியவர்களுக்கு இது தெரியும். கடைசிப் பிரதி யார் கைக்கு வருகிறதோ அவர் பாவம். பிரதி பற்றவில்லை என்றால் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும். அடித்ததை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் அசலோடு ஒப்பிட வேண்டும். ஓர் எண் மாறினாலும் விண்ணப்பம் சிக்கலாகிவிடும். இன்னொரு வழி போட்டோஸ்டாட். காகிதத்தைப் படம் பிடித்து, ரசாயனத்தில் நனைத்து, காயவைத்துத் தருவார்கள். வெளியே அனுப்ப வேண்டும், நேரமும் காசும் ஆகும். வரைபடங்களுக்கோ அதைவிட்டால் வழியே இல்லை.

பகலில் அலுவலகத்தில் இந்தத் தொல்லை. இரவில் வேறு ஒன்று. 1936இல் நியூயார்க் லா ஸ்கூலில் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தார். சட்டப் புத்தகங்கள் வாங்கப் பணம் இல்லை. நியூயார்க் பொது நூலகத்தில் உட்கார்ந்து கையாலேயே எழுதி எடுப்பார். அப்பாவின் முதுகு மூட்டுவாதம் அவருக்கும் வந்திருந்தது. குனிந்து எழுதுவது வேதனை. கிட்டப்பார்வை வேறு. பொத்தானை அழுத்தினால் இந்தப் பக்கம் அப்படியே இன்னொரு தாளில் வந்துவிடாதா என்று அவர் ஏங்கியதைப் புரிந்துகொள்ள இயற்பியல் பட்டம் தேவையில்லை.

அவர் அடுத்துச் செய்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிரதி எடுக்கும் யந்திரம் வேண்டும் என்றால் யாராக இருந்தாலும் புகைப்படக் கலையை நோக்கித்தான் போவார்கள். கார்ல்சன் அந்தப் பக்கமே போகவில்லை. புகைப்படத்தில் பெரிய கம்பெனிகள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் பேட்டன்ட் வாங்கிக் குவித்திருக்கும், அங்கே தனியாளுக்கு இடம் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். இது பேட்டன்ட்காரனின் மூளை. காலியான இடத்தைத் தேடினார். அதே நூலகத்தில் மாதக்கணக்கில் படித்து, ஒளி பட்டால் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்களைப் பற்றியும், பால் செலெனி என்ற ஹங்கேரிய இயற்பியலாளர் நிலைமின்சாரத்தால் உருவம் பதித்ததைப் பற்றியும் தெரிந்துகொண்டார்.

யோசனை எளிமையானது. சில பொருள்கள் இருட்டில் மின்னூட்டத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வெளிச்சம் பட்ட இடத்தில் விட்டுவிடும். அப்படிப்பட்ட தகட்டில் மின்னேற்றி, எழுத்தின் நிழலை அதன் மேல் விழச் செய்தால், நிழல் விழுந்த இடத்தில் மட்டும் மின்னூட்டம் மிஞ்சும். மேலே பொடி தூவினால் அந்த இடத்தில் மட்டும் ஒட்டும். பொடியைக் காகிதத்துக்கு மாற்றிச் சூடுபடுத்தினால் எழுத்து நின்றுவிடும். இன்றைக்குத் தெருமுனைக் கடையில் இருக்கும் மிஷினிலும், வீட்டு லேசர் பிரிண்டரிலும் நடப்பது அடிப்படையில் இதுதான். தாள் சுடச்சுட வெளியே வருவது அந்தக் கடைசிப் படியால்.

1937 அக்டோபரில் முதல் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். கவனியுங்கள், அப்போது கையில் ஒரு பிரதிகூட எடுத்திருக்கவில்லை. முதலில் காகிதம், அப்புறம்தான் சோதனை. தொழில் பழக்கம் விடாது.

சோதனைகள் நடந்தது வீட்டுச் சமையலறையில். 1934இல் எல்சா என்பவரைத் திருமணம் செய்திருந்தார். கந்தகத்தை உருக்கி உலோகத் தகட்டில் பூசுவது என்றால் அடுப்படியில் என்ன நாற்றம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். அழுகிய முட்டை வாடை கட்டடம் முழுக்க. ஒருமுறை கந்தகம் தீப்பற்றியும் எரிந்தது. ஒருவழியாக நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில், மாமியாருக்குச் சொந்தமான வீட்டில் ஓர் அறை கிடைத்தது. மருமகனின் கிறுக்குத்தனத்துக்கு இடம் கொடுத்த அந்த மாமியாருக்கும் இந்தக் கண்டுபிடிப்பில் ஒரு பங்கு உண்டு என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு. உதவிக்கு ஆஸ்திரியாவிலிருந்து வந்திருந்த ஓட்டோ கோர்னை என்ற பொறியாளரைச் சொற்பச் சம்பளத்தில் வைத்துக்கொண்டார். கார்ல்சனுக்கு வக்கீல் மூளை இருந்த அளவுக்குக் கைவேலை வரவில்லை.

1938 அக்டோபர் 22. கோர்னை ஒரு துத்தநாகத் தகட்டில் கந்தகம் பூசித் தயாராக வைத்திருந்தார். ஒரு கண்ணாடிச் சில்லில் மையால் தேதியையும் இடத்தையும் எழுதினார்: “10-22-38 அஸ்டோரியா”. அறையை இருட்டாக்கிவிட்டு, கந்தகத்தைக் கைக்குட்டையால் பரபரவென்று தேய்த்து மின்னேற்றினார்கள். கண்ணாடியை மேலே வைத்துச் சில விநாடி விளக்கு வெளிச்சம் காட்டினார்கள். கண்ணாடியை எடுத்துவிட்டு லைக்கோபோடியம் என்ற மஞ்சள் பொடியைத் தூவி ஊதினார்கள். எழுத்து நின்றது. மெழுகுத் தாளை அழுத்தி எடுத்து, சூடுகாட்டி, கண் முன்னால் பிடித்துப் பார்த்தார்கள். நம்பாமல் இன்னும் சில முறை செய்துபார்த்தார்கள். அப்புறம் சாப்பிடப் போனார்கள்.

அந்த வாசகத்தைப் பற்றி ஒரு விஷயம். உலகத்தின் முதல் ஜெராக்ஸ் பிரதியில் இருப்பது வணக்கமோ கடவுள் பெயரோ இல்லை, ஒரு தேதியும் ஓர் இடமும். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி யார் முதலில் விண்ணப்பித்தார் என்பதைவிட யார் முதலில் கண்டுபிடித்தார் என்பதே முக்கியம். 2013 வரைக்கும் அங்கே அப்படித்தான் இருந்தது. ஆகவே எதை எப்போது எங்கே செய்தாய் என்பதற்குச் சாட்சி வேண்டும். எழுதியது கோர்னையின் கை என்றாலும், அந்த அறையில் இருந்தது யாருடைய பழக்கம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

கோர்னைக்கு இதில் பெரிய நம்பிக்கை வரவில்லை. ஒரு வருடத்துக்குள் ஐபிஎம்முக்குப் போய்விட்டார். வருங்கால வருமானத்தில் பத்து சதவீதம் தருவதாக இருந்த ஒப்பந்தத்தை இருவரும் பேசி முடித்துக்கொண்டார்கள். பிற்பாடு பணம் வந்தபோது, எந்தக் கட்டாயமும் இல்லாமல், கார்ல்சன் அவருக்கு நூறு பங்குகளை அனுப்பிவைத்தார்.

அடுத்த ஆறு வருடம் அலைச்சல். 1939இல் சட்டப் பட்டம் வந்தது. ஐபிஎம், கோடக், ஜெனரல் எலெக்ட்ரிக், ஆர்சிஏ, அமெரிக்கக் கடற்படை என்று இருபதுக்கு மேற்பட்ட கதவுகளைத் தட்டினார். யாருக்கும் வேண்டாம். கார்பன் தாள் இருக்கும்போது இது எதற்கு என்பதுதான் அவர்கள் கேள்வி. 1942 அக்டோபர் 6 அன்று அடிப்படைப் பேட்டன்ட் கைக்கு வந்தது. எண் 2,297,691. 1944இல் தானாக இயங்கும் பிரதி யந்திரத்துக்கே ஒரு பேட்டன்ட் வாங்கினார். அப்போது அப்படி ஒரு யந்திரம் உலகத்தில் எங்கேயும் கிடையாது.

கடைசியில் கதவைத் திறந்ததும் பேட்டன்ட் வேலைதான். 1944இல் ஒஹாயோவின் பட்டேல் ஆய்வு நிறுவனத்திலிருந்து ரஸல் டேட்டன் என்ற இளம் பொறியாளர் வேறு ஏதோ பேட்டன்ட் காரியமாக மாலரிக்கு வந்தார். பேச்சோடு பேச்சாகக் கார்ல்சன் தன்னுடையதைக் காட்டினார். பட்டேல் எடுத்துக்கொண்டது. கந்தகத்துக்குப் பதில் செலினியம் நன்றாக வேலை செய்யும் என்று கண்டுபிடித்தது அங்கேதான். பிறகு ராச்செஸ்டர் நகரத்தில் ஹாலாய்ட் என்ற சிறிய புகைப்படத் தாள் கம்பெனி உரிமம் வாங்கியது. அதன் தலைவர் ஜோசப் வில்சன், கம்பெனியையே இதன் மேல் பணயம் வைத்தார். கிரேக்கத்தில் ‘உலர்ந்த’, ‘எழுத்து’ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து ஜெராக்ரஃபி என்று பெயர் சூட்டி, 1948 அக்டோபர் 22 அன்று, அஸ்டோரியாவுக்குச் சரியாகப் பத்து வருடம் கழித்து, உலகத்துக்கு அறிவித்தார்கள். முதலில் வந்த மாடலில் ஒரு பிரதி எடுக்க 39 படிகள். சமையல் குறிப்புகூட அவ்வளவு நீளமாக இருக்காது.

914 என்ற மாடல்தான் எல்லாவற்றையும் மாற்றியது. 9 அங்குலத்துக்கு 14 அங்குலத் தாள், அதனால் அந்தப் பெயர். எடை 648 பவுண்டு. 1959 செப்டம்பர் 16 அன்று நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் காட்டினார்கள். கொண்டுவந்த இரண்டில் ஒன்று தீப்பிடித்துக்கொண்டது, மற்றது ஒழுங்காக வேலை செய்தது. விலைக்கு விற்காமல் மாதம் 95 டாலர் வாடகைக்கு விட்டார்கள். ஹாலாய்ட் பிறகு ஜெராக்ஸ் என்றே ஆனது.

தொழில்காரன் என்ற முறையில் ஒரு கணக்கு சொல்கிறேன். அன்றைய அமெரிக்கப் பேட்டன்ட் வழங்கிய நாளிலிருந்து 17 வருடம்தான் உயிரோடு இருக்கும். 1942 அக்டோபரோடு 17ஐக் கூட்டுங்கள். 1959 அக்டோபர். அதாவது முதல் நல்ல யந்திரம் வெளிவந்த மூன்றே வாரத்தில் அடிப்படைப் பேட்டன்ட் காலாவதி! அதை மட்டும் நம்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதற்குள் செலினியத் தகடு, மின்னேற்றும் முறை, பொடி என்று ஒவ்வொரு முன்னேற்றத்துக்கும் மேலும் மேலும் பேட்டன்ட் வாங்கி வேலி கட்டியிருந்தார்கள். மாலரியை விட்டு விலகிய பிறகு கார்ல்சன் ஹாலாய்டுக்கு ஆலோசகராக இருந்தார். அந்த வேலியில் அவர் கையும் உண்டு.

அப்புறம் வீடு. இங்கே மழுப்பாமல் சொல்ல வேண்டும். எல்சாவோடு வாழ்ந்த வாழ்க்கை 1945இல் விவாகரத்தில் முடிந்தது. சமையலறையைப் பரிசோதனைக்கூடமாக்கிய கணவரோடு, வேலை, இரவுப் படிப்பு, வார இறுதியில் கந்தகம் என்று இருந்த மனிதரோடு, பத்து வருடம் குடித்தனம் நடத்துவது எளிதாக இருந்திருக்காது. குறை யாருடையது என்று வெளியிலிருந்து சொல்ல நான் யார். குழந்தைகளும் இல்லை. நீங்கள் கேட்ட “வீட்டை மறந்துவிட்டாரா” என்பதற்கு, அந்தப் பத்து வருடத்தைப் பொறுத்தவரை, ஓரளவு ஆமாம் என்றுதான் சொல்லுவேன்.

1946இல் டாரிஸ் என்பவரை மணந்தார். இந்தக் கார்ல்சன் வேறு ஆள் மாதிரி இருக்கிறார். இரண்டு பேரும் ராச்செஸ்டர் பக்கத்தில் பிட்ஸ்ஃபோர்டு என்ற இடத்தில் சிறிய வீடு ஒன்றில் குடியிருந்தார்கள். பணம் கொட்ட ஆரம்பித்த பிறகும் பகட்டு கிடையாது. டாரிஸ் வழியாக அவருக்குத் தியானத்திலும் கிழக்கத்திய தத்துவங்களிலும் ஈடுபாடு வந்தது. ராச்செஸ்டரில் ஜென் பௌத்த மையம் உருவாக அவர்கள் இருவரும்தான் முக்கியமாக உதவினார்கள். மறுபிறவி பற்றி வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளுக்கும் பணம் கொடுத்தார். அதைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் வேறு கருத்து இருக்கலாம், ஆனால் அந்த ஈடுபாட்டில் பாசாங்கு இல்லை.

சம்பாதித்ததில் சுமார் 100 மில்லியன் டாலரை உயிரோடு இருக்கும்போதே கொடுத்துத் தீர்த்தார். கல்லூரிகள், நூலகங்கள், மருத்துவமனைகள், உலக அமைதிக்காக உழைத்த அமைப்புகள், கறுப்பின மக்களின் சம உரிமைக்காகப் பாடுபட்டவர்கள். இன வேறுபாடு பார்க்காமல் வாடகைக்கு விட வேண்டும் என்பதற்காகவே அடுக்குமாடிக் கட்டடங்களை வாங்கினார். பெரும்பாலும் ஒரே நிபந்தனை, பெயர் வெளியே தெரியக் கூடாது. அமெரிக்காவின் பெரும் பணக்காரர்கள் பட்டியலில் ஒரு பத்திரிகை அவரைச் சேர்த்தபோது, தன் சொத்தை மிகையாகப் போட்டுவிட்டீர்கள் என்று திருத்தி எழுதினார். ஏழையாகச் சாக வேண்டும் என்பதுதான் மிச்சமிருக்கும் ஆசை என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். கோழிக்கூட்டில் குடியிருந்தவர் சொல்வதால் அது வசனமாகத் தெரியவில்லை. வறுமை எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் பேசுகிறார்.

1968 வசந்தத்தில் முதல் மாரடைப்பு. அதே வருடம் செப்டம்பர் 19 அன்று நியூயார்க்குக்கு ஒரு கூட்டத்துக்காக வந்தவர், நேரம் இருக்கிறதே என்று 57ஆம் தெருவில் ஒரு திரையரங்குக்குள் போனார். படம் முடிந்தும் ஒருவர் இருக்கையில் இருந்து எழவில்லை. தூங்குகிறார் என்று நினைத்து எழுப்பப் போனார்கள். வயது 62. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்ட் அஞ்சலியில், கண்டுபிடிப்பாளர் கார்ல்சனைவிட மனிதர் கார்ல்சனையே தான் அதிகம் மதித்ததாகச் சொன்னார். அமெரிக்க அரசு 1988இல் அவருக்கு 21 சென்ட் அஞ்சல்தலை வெளியிட்டது.

கடைசியாக ஒன்று. அந்த 2,297,691ஆம் எண் பேட்டன்டை இன்று யாரும் காசில்லாமல் இணையத்தில் படிக்கலாம். முடிந்தால் படித்துப் பாருங்கள். பேட்டன்ட் மொழி கடிக்கும், இருந்தாலும் பரவாயில்லை. உலகம் முழுக்க அலுவலகங்களை மாற்றப்போகும் ஒரு யந்திரத்தின் விவரணையில், தகட்டுக்கு எப்படி மின்னேற்றுவது என்று விளக்கும் இடத்தில், துணியால் தேய்க்கலாம் என்று எழுதியிருப்பார். மாமியார் வீட்டு அறையில் அன்றைக்குக் கையில் இருந்தது கைக்குட்டைதானே. அதையும் விடாமல் பதிவுசெய்திருக்கிறார்.